போன் எடுப்பவர் காதுக்கு மட்டும் ஏன் ஊரெல்லாம் கோபக்காரர்கள்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கஸ்டமர் கேரில் மூன்று வருஷம். சேர்ந்த புதிதில் பொறுமையாகப் பேசுவேன். இப்போது ஹெட்செட்டை மாட்டும்போதே 'இன்னைக்கு எந்தப் பைத்தியம் மாட்டுமோ' என்று தோன்றுகிறது. நான் கெட்டவளாகிவிட்டேனா?"

உங்கள் குணத்தைச் சந்தேகிக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கம்பெனிக்கு 1000 வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 950 பேருக்குச் சிக்கலே இல்லை, கூப்பிட மாட்டார்கள். "எல்லாம் நல்லா இருக்கு, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? 40 பேர் ஒரு தடவை கூப்பிட்டு, வேலை முடிந்ததும் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார்கள். மிச்சம் 10 பேர் கோபக்காரர்கள். இவர்கள் லேசில் விடுவதில்லை, ஆளுக்கு 4 தடவை கூப்பிடுகிறார்கள். மொத்தம் 80 அழைப்பு, அதில் 40 கோப அழைப்பு. ஆட்களை எண்ணினால் நூற்றுக்கு ஒருவர். உங்கள் காது எண்ணினால் இரண்டுக்கு ஒன்று! "உங்க மேலதிகாரிய கூப்பிடுங்க" என்று கேட்பவர்களும் அந்த 10 பேர்தான். எனவே சூப்பர்வைசருக்குக் கோபப்படாத மனிதர் ஒருவர் இருப்பதே மறந்துபோகும்.

புள்ளியியலில் எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது. டாக்டர்களையும் இது விடவில்லை. சீக்கிரம் குணமானவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை. நாள்பட்ட நோயாளி வந்துகொண்டே இருப்பார். பார்க்கிற டாக்டருக்கு 'இந்த நோய் லேசில் தீராது' என்று படும். பட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் தம்பதி 1984-இல் இதற்கு 'மருத்துவரின் மாயை' என்றே பெயர் வைத்தார்கள்.

மாயையோடு முடிந்தால் பரவாயில்லை. எரிச்சலை விழுங்கிக்கொண்டு குரலில் சிரிப்பை வரவழைக்க வேண்டுமே! விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமான இதை 1983-இல் மேலோட்ட நடிப்பு என்றார். 'பாவம், அவருக்கு என்ன அவசரமோ' என்று தன்னையே நம்பவைப்பது ஆழ்ந்த நடிப்பு. களைப்போடு அதிகம் சேர்ந்து வருவது முதல் வகைதான் என்று பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டின. களைத்த மனசு எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்ப்பதை நிறுத்திச் சிக்கனம் பிடிக்கும். "லைன்ல அந்த ரீஃபண்ட் கேஸ் இருக்கு" என்று சொல்லும்போது பேர் போய் கேஸ் மட்டும் மிஞ்சுகிறது, கவனித்தீர்களா? வேலையால் வரும் இந்தச் சோர்வை அளக்க கிறிஸ்டினா மஸ்லாக் 1981-இல் வெளியிட்ட அளவுகோலில் இந்த ஒட்டாத்தன்மைக்கு என்றே தனிப் பகுதி உண்டு.

இதற்கு நிர்வாகங்கள் தரும் மருந்து, 'பாசிட்டிவ் வைப்ரேஷன்' வகுப்பு. மந்திரித்த தாயத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளரிடம் எத்தனை ஸ்டார் என்று கேட்கிறார்கள். பேசியவரிடம் கேட்க ஆளில்லை. அந்த வகுப்புக்கு ஆகிற செலவில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: ஸ்கிரீன் ஓரத்தில் 'இன்று கூப்பிடாதவர்கள்: 950' என்று ஓடவிடுங்கள். யாராவது செய்து பார்த்தால் எனக்கு எழுதுங்கள்.