நாள்தோறும் நடப்பவரும் தரையிலிருந்து எழத் தடுமாறுவது ஏன்?

வேலூர்க் கோட்டை வளாகத்தில் காலைதோறும் தவறாமல் நடக்கும் தம் தாயாருக்கு, தரையில் அமர்ந்துவிட்டால் சுவரையோ கட்டிலையோ பிடிக்காமல் எழ முடியவில்லையே, அது ஏன் என்று சத்துவாச்சாரி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மூட்டுத் தேய்மானம், கண்பார்வை, இரத்த அழுத்த மாத்திரை எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நன்றாக நடப்பவருக்கும் எழுவது கடினமாவதற்கு நரம்பியல் தரும் விளக்கம் தனிச்சுவை உடையது.

மெல்லச் சுருங்கிச் சோர்வின்றி உழைக்கும் தசை இழைகளும், விரைந்து சுருங்கிப் பெருவிசை தந்து சீக்கிரமே களைக்கும் இழைகளும் உண்டெனப் பள்ளியில் படித்திருப்போம். மெல்லிழைகளைத் தண்டுவடத்தின் சிறிய நரம்பணுக்களும், விரைவிழைகளைப் பெரிய நரம்பணுக்களும் இயக்குகின்றன. இவற்றுள் சிறியவையே எப்போதும் முதலில் தூண்டப்படுகின்றன என்பதை அமெரிக்க நரம்பியல் அறிஞர் எல்வுட் ஹென்னமன் 1957-இல் எடுத்துக்காட்டினார். காரணம், நாமறிந்த ஓமின் விதிதான். சிறிய செல்லின் சவ்வுப் பரப்பு குறைவு. மின்னோட்டம் கசிந்து வெளியேறும் வழிகளும் குறைவு. ஆகவே மின்தடை அதிகம். ஒரே அளவு மின்னோட்டம் பாய்ந்தாலும் மின்தடை மிகுந்த செல்லில் மின்னழுத்தம் கூடுதலாக உயர்வதால், சிறிய நரம்பணு சட்டெனத் தூண்டல் எல்லையைத் தொட்டுவிட, பெரியதோ கட்டளை மேலும் வலுக்கும்வரை வாளாவிருக்கிறது. எந்த இழையை எப்போது அழைப்பது என்று மூளை தனித்தனியே கணக்கிட வேண்டியதில்லை. செல்லின் பருமனே வரிசையை வகுத்துவிடுகிறது. உடலியங்கியலில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேறொன்று உண்டா என்பது எனக்கு ஐயமே.

சமதரையில் நிதானமாக நடக்கப் பெரும்பாலும் சிறியவையே போதும்; பெரியவற்றுக்கு அழைப்பு வருவதில்லை. முதுமையில் அதிகம் மெலிவதும் விரைவிழைகளே. அறுபதைக் கடந்தபின் நரம்பணுக்கள் சில மடியும்போது, ஆதரவிழந்த இழைகளில் சிலவற்றை அண்டை நரம்பணுக்கள் கிளைவிட்டுத் தத்தெடுக்கின்றன. மெல்லிழைகளை ஆளும் நரம்பணுவிடம் சேர்ந்த இழை பிழைத்துக்கொண்டாலும் தன் விரைவை இழக்கிறது. தரையிலிருந்து எழவும், இடறும்போது அடுத்த காலைச் சட்டென ஊன்றவும் வேண்டியது அந்த விரைவுதான்.

இழந்ததில் ஒரு பகுதியை மீட்க முடியும். முதியோர் மருத்துவ ஆய்வாளர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் 8 வாரம் கனமான எடைப்பயிற்சி செய்தபோது கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத்தசையின் பரப்போ 9 விழுக்காடே கூடியது. வலிமையின் பெரும்பங்கு, உறங்கிக்கிடந்த நரம்பணுக்கள் மீண்டும் பணிக்கு வந்ததால் கிடைத்தது என்றே கொள்ள வேண்டும்.

1954-இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966-இலேயே பாகாயத்தில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் தோன்றிய ஊர் வேலூர். இங்கும் ‘வாயு பிடித்துக்கொண்டது’ என்று மாதக்கணக்கில் தைலம் தேய்ப்போர் இருக்கிறார்கள். தைலம் வலியைச் சற்றுத் தணிக்கலாம். பெரிய நரம்பணுவை எழுப்பாது. மூட்டு அறுவைக்குப் பணம் ஒதுக்குவோர், அதன்பின் பல வாரம் தேவைப்படும் பிசியோதெரபிக்கும் ஒதுக்கினாலன்றி அச்செலவு முழுப்பயன் தராது என்பது என் கருத்து.

வாசகரின் தாயார், இதயநோயோ கடும் மூட்டுவலியோ இல்லையென மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, சுவரோரம் அசையாமல் வைத்த நாற்காலியிலிருந்து, கையை ஊன்றாமல் எழுந்து மெல்ல அமர்ந்து பழகலாம். முதலில் ஒருவர் அருகில் நிற்பது நல்லது. பத்து முறை எழுந்தும் தொடை அயரவில்லையெனில், உயரம் சற்றுக் குறைந்த இருக்கைக்கு மாற வேண்டும். எளிதாகிவிட்ட பயிற்சிக்குச் சிறிய நரம்பணுக்களே போதும்.