0.6 பங்கு அகலமுள்ள கட்டம்

சாதாரண எழுத்துருவில் ஆங்கிலத்தின் சிறிய 'ஐ' ஒல்லியாகவும் 'எம்' அகலமாகவும் இருக்க, நிரல் எழுதப் பயன்படும் சம அகல எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே அகலக் கட்டம்தான் கிடைக்கிறது. விசை ஒவ்வொன்றுக்கும் ஒரே தூரம் நகர்ந்த தட்டச்சுப்பொறி விட்டுச்சென்ற ஏற்பாடு இது. 1950-களில் ஐபிஎம் பொறிகளுக்கென ஹோவர்ட் கெட்லர் வடிவமைத்த கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவில் அங்குலத்துக்கு 10 எழுத்துகளை அடிக்கும். அங்குலத்துக்கு 72 புள்ளி என்பதால், எழுத்தின் அகலம் 7.2 புள்ளி, அதாவது எழுத்துரு அளவில் 0.6 பங்கு. இன்றைய நிரல் எழுத்துருக்களான சோர்ஸ் கோட் புரோவும் ஜெட்பிரெயின்ஸ் மோனோவும் அதே விகிதத்தில்தான் இருக்கின்றன. அயோசெவ்கா மட்டும் 0.5 பங்கோடு நின்றுகொள்கிறது.

இந்தப் பின்னம்தான் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், வேலை காட்டுகிறது. 12-ஆவது வரியின் 40-ஆவது கட்டத்தில் இந்த எழுத்தைப் போடு என்றே நிரல்கள் டெர்மினலிடம் சொல்வதால், பல டெர்மினல்கள் கட்டத்தின் அகலத்தை முழுப் பிக்சலாகத் திருத்திக்கொள்கின்றன. 0.6 பங்கு எழுத்துருவை 16 பிக்சலில் வைத்தால் வருவது 9.6, அது 10 ஆகிவிட, எழுத்துகள் சற்றே கலைந்து நிற்கும், 1920 பிக்சல் திரையில் வரிக்கு 192 எழுத்துகளே கொள்ளும். அதையே 15 பிக்சலாகக் குறைத்தால் கட்டம் மிச்சமின்றி 9 ஆகி, 213 எழுத்துகள் அடங்கும். எழுத்துருவை மாற்றுவதற்கு முன் அளவை ஒரு பிக்சல் ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கட்டம் சமமானதால் ஒல்லியான எழுத்துகளுக்கு அடியில் பாதம் வைத்து இடத்தை நிரப்புகிறார்கள். 'எம்' தன் மூன்று கால்களையும் நெருக்கிக்கொள்கிறது. சுழியமும் பெரிய 'ஓ'வும், ஒன்றும் சிறிய 'எல்'லும் பெரிய 'ஐ'யும் பிரிந்து தெரிகின்றனவா என்பதே முதல் சோதனை. கடவுச்சொல்லைப் பார்த்துத் தட்டி மூன்று முறை தோற்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல எழுத்துருக்களில் சுழியத்துக்குள் புள்ளியா கோடா என்பதை எழுத்துருக் கோப்பு வடிவமான ஓப்பன்டைப்பின் அமைப்பு வழியே நாமே தேர்ந்துகொள்ளலாம்.

'சமமில்லை' எனப் பொருள்படும் != என்பதை ஒரே குறியாகக் காட்டும் ஃபிரா கோடு எழுத்துருவின் கூட்டெழுத்துகள் கோப்பை மாற்றுவதில்லை; ஒரு கட்டத்தில் வெற்று உருவத்தை வைத்துவிட்டு, அடுத்த கட்டத்து உருவத்தை இடப்பக்கம் நீட்டி வரைகின்றன. அழகுதான்; ஆனால் தட்டியது எத்தனை எழுத்து என்பது கண்ணுக்கு மறைந்துபோவதால் நான் அதை அணைத்தே வைக்கிறேன். வரி இடைவெளியையும் அளவோடு கூட்ட வேண்டும், இல்லையென்றால் திரையில் பெட்டி வரையப் பயன்படும் கோட்டு எழுத்துகள் வரிக்கு வரி அறுந்து தெரியும்.

தமிழ் இந்தக் கட்டத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. யூனிகோடு வகைப்பாட்டில் இகரக் குறி இடம்பிடிக்கும் குறி, ஈகாரக் குறி இடம்பிடிக்காத குறி. ஆகவே பல டெர்மினல்களின் கணக்கில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரே கட்டம். தமிழ்க் கோப்புப் பெயருக்குப் பின்னால் கர்சர் தள்ளி நிற்பதைக் கண்டால், எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.