தாய்லாந்துச் செயலிக்கு நம் ஊர் கியூஆர் எப்படிப் புரிகிறது?

பீடோங்கில் ஒட்டுக்கடை நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எல்லை தாண்டி வந்த தாய்லாந்துக் குடும்பம் ஒன்று என் கடையில் பசியாறியது. மேசையில் ஒட்டியிருக்கும் டூயிட்நவ் கியூஆரைத் தங்கள் போனில் ஸ்கேன் செய்தார்கள். உடனே என் கணக்கில் வெள்ளியாகவே (ரிங்கிட்) காசு விழுந்துவிட்டது. நான் எந்தத் தாய்லாந்து வங்கியிலும் பதிவு செய்யவில்லையே, சார். அவர்களிடம் இருந்தது பாத் தானே?”

பீடோங்கிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வந்துவிடும். அதனால் கெடாவில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர்க் கடைக்காரர்கள் பலருக்கு இந்தச் சந்தேகம் இருக்கும். சுருக்கமான பதில்: 2021 ஜூனில் இரு நாட்டு மத்திய வங்கிகளும் நம் உடனடிக் கட்டண முறையான டூயிட்நவ்வையும் தாய்லாந்தில் அதே வேலையைச் செய்யும் பிராம்ப்ட்பேயையும் கியூஆர் வழியாக இணைத்துவிட்டன. ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் நடப்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

கட்டங்கள் எழுத்துகளாக மாறும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். கறுப்பு 1, வெள்ளை 0, கேமரா படித்துவிடும். படித்து முடித்ததும் செயலியின் கையில் இருப்பது இடைவெளியே இல்லாத ஒரு நீண்ட எழுத்துச் சரம். உங்கள் கடை கியூஆரைச் சாதாரண ஸ்கேனர் ஒன்றில் படித்துப் பாருங்கள். அது 000201 என்றுதான் தொடங்கும்.

அதை இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரியுங்கள். முதல் 00 என்பது தகவலின் எண். அடுத்த 02, அந்தத் தகவல் எத்தனை எழுத்து நீளம் என்று சொல்கிறது. மிச்சமுள்ள 01தான் தகவல்: இது எந்தப் பதிப்பு விதிப்படி எழுதப்பட்டது என்று. சரம் முழுக்க இதே முறைதான். எண், நீளம், தகவல். மறுபடியும் எண், நீளம், தகவல்.

கொஞ்சம் தள்ளிப் போனால் 5303458 என்று வரும். 53 என்றால் நாணயம், 03 என்றால் மூன்று எழுத்து, 458 என்பது உலகத் தரப் பட்டியலில் மலேசிய வெள்ளியின் எண். தாய்லாந்துக் கடையின் கியூஆரில் அந்த இடத்தில் 764 இருக்கும், இந்தோனேசியாவில் 360, சிங்கப்பூரில் 702. எண் 58 நாட்டைச் சொல்லும், 59 கடையின் பெயரை, 60 ஊரை. தாய்லாந்துக்காரரின் போனில் ‘பீடோங்’ என்று தெரிந்திருந்தால் அது அங்கிருந்து வந்ததுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவிலுள்ள நீளம். எதற்காக அதை எழுத வேண்டும்? தனக்குப் புரியாத தகவல் வந்தால் செயலி அதைத் தாண்டிப் போக வேண்டுமே, அதற்காக. 26 முதல் 51 வரையுள்ள எண்கள் அந்தந்த நாட்டுக் கட்டண வலையமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் அதே எண், நீளம், தகவல் முறையில் குட்டித் தகவல்கள் இருக்கும். அதில் 00 என்ற முதல் குட்டி, “நான் டூயிட்நவ்” என்றோ “நான் பிராம்ப்ட்பே” என்றோ தனி அடையாள எண்ணால் சொல்லிவிடும். தெரியாத அடையாளம் என்றால் செயலி குழம்பி நிற்பதில்லை. நீளம் 38 என்று இருந்தால் 38 எழுத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் படிக்கும். ஒரே ஸ்டிக்கரில் நான்கைந்து வலையமைப்புகள் அருகருகே குடியிருக்க முடிவது இதனால்தான். சிங்கப்பூர் 2018இல் கொண்டுவந்த எஸ்ஜிகியூஆர் அப்படிப்பட்டது. இந்தோனேசியா 2019இல் அறிமுகப்படுத்திய கிரிஸ் கியூஆரும் இதே இலக்கணத்தில் எழுதப்பட்டதுதான்.

இந்த இலக்கணத்தை 2017இல் வெளியிட்டது இஎம்விகோ என்ற, அட்டை நிறுவனங்களின் கூட்டமைப்பு. பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றும் தன் வங்கி முறையை மாற்றாமல், எழுதும் முறையில் மட்டும் ஒத்துப்போயின. பத்து ஆண்டு மாநாடு போட்டும் கிடைக்காத ஒற்றுமையை இரண்டு இலக்க நீளம் கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

சரத்தின் கடைசியில் 6304, அதன் பின் நான்கு எழுத்து. இது சரிபார்ப்பு. முன்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரே பெரிய எண்ணாக எடுத்து, எல்லாருக்கும் தெரிந்த ஓர் எண்ணால் வகுத்து, மீதியை எழுதிவைப்பார்கள். வகுத்தல் இருமக் கணக்கில் நடக்கும், ஆனால் யோசனை பள்ளிக்கூட வகுத்தல்தான். செயலியும் அதே கணக்கைப் போடும். மீதி ஒத்துவந்தால்தான் மேலே போகும். ஒன்றைக் கவனியுங்கள்: இது பிழையைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. உங்கள் ஸ்டிக்கர்மேல் எவனாவது தன் கியூஆரை ஒட்டிவிட்டால் அதன் மீதியும் சரியாகவே இருக்கும். அதனால் காலையில் கடை திறந்ததும் நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை கியூஆர் பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறீர்களா? வையுங்கள். கட்டம் அச்சிடும்போது தேர்ந்த அளவைப் பொறுத்து 7 முதல் 30 விழுக்காடு வரை மறைந்தாலும் மிச்சத்திலிருந்து மீட்டெடுக்கும் கணிதம் அதில் இருக்கிறது. மூலையிலுள்ள மூன்று பெரிய சதுரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கணிதத்தை ரீட், சாலமன் என்ற கணிதவியலர் இருவரும் 1960இல் ஒரு சிறு கட்டுரையாக எழுதியபோது உடனடிப் பயன் என்று ஒன்றும் கைக்கு எட்டவில்லை. பிறகு வாயேஜர் விண்கலத்துக்கு வந்தது, இசைக் குறுந்தட்டுக்கு (சிடி) வந்தது, 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கிய கியூஆருக்கும் வந்தது. ஆய்வுக்குப் பணம் கேட்டால் “இந்த வருஷம் என்ன லாபம்” என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். பலகைக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் “போணி ரொக்கமாகத்தான் ஆக வேண்டும்” என்று காலையில் போனை நீட்டுபவரைத் திருப்பி அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். போணியாக வருவது அதே வெள்ளிதான். ராசி தாளில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் 12.50 வெள்ளி என்று தட்டுகிறார். அவர் செயலி அன்றைய மாற்று விலையில் எவ்வளவு பாத் என்று காட்டுகிறது. சம்மதித்ததும் செய்தி அவர் வங்கியிலிருந்து வங்கிகளை இணைக்கும் தாய்லாந்து நிறுவனமான ஐடிஎம்எக்ஸுக்கும், அங்கிருந்து இங்கே அதே வேலையைச் செய்யும் நம் பேநெட்டுக்கும், பிறகு உங்கள் வங்கிக்கும் ஓடுகிறது. நொடிகளில் நடப்பது இவ்வளவுதான். வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பதை, இதற்கென நியமிக்கப்பட்ட வங்கிகள் பிறகு பார்த்துக்கொள்ளும். வெள்ளியை அமெரிக்க டாலராக்கி, டாலரைப் பாத்தாக்கும் சுற்றுவழி தேவையில்லாதபடி, மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் 2018 முதலே சொந்த நாணயத்தில் தீர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டன.

இந்தோனேசியாவோடு கியூஆர் இணைப்பு 2023 மே மாதம் முழுமையானது. அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரின் பேநவ்வும் டூயிட்நவ்வும் இணைந்தன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை, தோட்டத்து வீட்டிலிருக்கும் அம்மாவின் கைபேசி எண்ணுக்கே பணம் அனுப்பலாம். ஆனால் இப்படி இரண்டிரண்டு நாடாகக் கோர்ப்பது எத்தனை காலத்துக்கு? திமோர் லெஸ்தே சேர்ந்தபின் ஆசியானில் 11 நாடுகள். எல்லாரையும் எல்லாரோடும் இணைக்க 55 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒரே மையம் வைத்தால் 11 போதும். மத்திய வங்கிகளின் கூட்டு அமைப்பான பன்னாட்டுத் தீர்வு வங்கி வடிவமைத்த நெக்சஸ் திட்டம் அந்த மையம்தான். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸோடு இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

என் குறை ஒன்றே ஒன்று. எல்லை தாண்டிய கியூஆர் முதலில் சுற்றுலாப் பயணிக்காக வந்தது. நம் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள் ஏராளம். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். அப்படி அனுப்பும் பணத்தில் உலகச் சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் கட்டணமாகவே போய்விடுகிறது. 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐநாவின் இலக்கு. நெக்சஸைத் தொடங்கிய நாடுகளில் வங்காளதேசமும் நேப்பாளமும் இல்லை. அடுத்து யாரைச் சேர்ப்பது என்று பேச்சு வரும்போது நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்த இரண்டு பெயர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.