அமெரிக்காவில் நர்சிங் மேற்படிப்பு: 2026 ஜூலை முதல் அரசுக் கடன் எவ்வளவு கிடைக்கும்?

"அமெரிக்காவில் நர்சிங்கை இனி புரொஃபஷனாகவே எண்ண மாட்டார்களாம்" என்று 2025 நவம்பரில் ஒரு செய்தி பரவியது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதில் பாதி உண்மை, மீதி வெறும் கலக்கம். உங்கள் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. சம்பளத்துக்கும் ஆகாது. பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் படிப்பை, இந்தச் செய்திக்குக் காரணமான அரசின் 'புரொஃபஷனல்' படிப்புகள் பட்டியல் தொடவே இல்லை. மாறியிருப்பது, பி.எஸ்.என்.னுக்கு மேலே எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலை), டி.என்.பி. (நர்சிங் தொழில்முறை டாக்டரேட்), பிஎச்.டி. என்று படிக்கப் போகிறவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் மாணவர் கடனின் அளவு. நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம், அனஸ்தீசியா (மயக்க மருந்து) பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை.

முதலில் பழைய ஏற்பாடு. மேற்படிப்பு மாணவர் யாராக இருந்தாலும் 'டைரக்ட் அன்சப்சிடைஸ்டு' என்ற கடனில் வருடத்துக்கு 20,500 டாலர் வாங்கலாம். அது போதாதவர்களுக்கு 2006 முதல் 'கிராட் பிளஸ்' என்று இன்னொரு கடன் இருந்தது. அதற்கு உச்சவரம்பே கிடையாது என்று சொல்லலாம். கல்லூரிக் கட்டணம், புத்தகம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கல்லூரி ஒரு வருடச் செலவு என்று என்ன கணக்குக் காட்டுகிறதோ, அதில் மற்ற உதவிகளைக் கழித்தது போக மீதி முழுவதையும் வாங்கிக்கொள்ளலாம். மலிவான கடன் என்று நினைத்துவிடாதீர்கள். 2025-26 கல்வியாண்டில் அதன் வட்டி 8.94 சதவீதம், தொகை கைக்கு வரும் முன்பே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் பணம் கிடைத்தது, படிப்பு நிற்கவில்லை.

2025 ஜூலை 4-ல் கையெழுத்தான 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம் (பெயரே அப்படித்தான்) இந்தக் கிராட் பிளஸ்ஸை மூடிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. மிச்சம் இருப்பது அந்த அன்சப்சிடைஸ்டு கடன் மட்டும்தான், அதையும் சட்டம் இரண்டு வகையாகப் பிரித்துவிட்டது. சாதாரண 'கிராஜுவேட்' மாணவர் என்றால் வருடத்துக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர். 'புரொஃபஷனல்' மாணவர் என்றால் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000. இளங்கலையில் வாங்கியது உட்பட ஒருவர் வாழ்நாளில் வாங்கக்கூடிய மத்தியக் கடனுக்கும் 2,57,500 டாலர் என்று ஒரு வரம்பு வந்திருக்கிறது.

சரி, யார் புரொஃபஷனல்? சட்டம் புதிதாக எதையும் எழுதாமல், கல்வித் துறையின் பழைய விதியில் இருந்த ஒரு வரையறையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த விதியில் மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, கால்நடை மருத்துவம், சட்டம், கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரி, ஆஸ்டியோபதி, பாத மருத்துவம், கைரோபிராக்டிக், இறையியல் என்று பத்துப் படிப்புகள் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருந்தன. இவை மட்டும்தான் என்று அதில் சொல்லவில்லை. நடைமுறை விதிகளைப் பேசி முடிக்கத் துறை அமைத்த குழு 2025 நவம்பரில் அந்தப் பத்தோடு கிளினிக்கல் சைக்காலஜியைச் சேர்த்துக் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டது. நர்சிங் வெளியே நின்றது. பிசிஷியன் அசிஸ்டென்ட், பிசியோதெரபி, பப்ளிக் ஹெல்த் படிப்புகளும் கூடவே நிற்கின்றன.

இறையியலுக்கும் கைரோபிராக்டிக்குக்கும் வருடம் 50,000, ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கப் போகிற நர்ஸுக்கு 20,500 என்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க நர்ஸுகள் சங்கமும் நர்சிங் கல்லூரிகளின் சங்கமும் இதைக் கடுமையாக எதிர்த்தன. துறையின் பதில்: இது கடனுக்கான உள் வரையறை மட்டுமே, எந்தத் தொழிலையும் குறைத்து மதிப்பிடுவது ஆகாது, நர்சிங் மாணவர்களில் 95 சதவீதம் பேர் ஏற்கனவே இந்த வருட வரம்புக்குள்தான் கடன் வாங்குகிறார்கள். நர்சிங்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் முயற்சிகள் நாடாளுமன்றத்திலும் நடக்கின்றன. நடக்கட்டும், ஆனால் அதை நம்பி யாரும் அட்மிஷன் போட வேண்டாம். உங்கள் படிப்பை எந்த வகையில் வைத்திருக்கிறார்கள் என்று கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 95 சதவீதக் கணக்கு சரியென்றே வைத்துக்கொள்வோம். முழுநேர வேலையை விடாமல் ஆன்லைனில் மெதுவாக எம்.எஸ்.என். முடிக்கிறவர்கள் நிறைய, அவர்களுக்குப் பெரும்பாலும் வருடத்துக்கு 20,500-க்கு மேல் தேவைப்படாது. அடி முழுக்க விழுவது மிச்சம் உள்ளவர்கள் மேல்தான், அதிலும் முதல் வரிசையில் சி.ஆர்.என்.ஏ. எனப்படும் நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் மாணவர்கள். காரணம் எளிது. அந்தப் படிப்புக்குள் நுழையக் குறைந்தது ஒரு வருட ஐ.சி.யூ. போன்ற கிரிட்டிகல் கேர் அனுபவம் வேண்டும், படிப்பு மூன்று வருடம் முழுநேரம், இடையில் வேலைக்குப் போக வேண்டாம் என்று கல்லூரிகளே சொல்லிவிடும். போதாததற்கு 2022 ஜனவரி 1 முதல் சேருகிற எல்லோரும் டாக்டரேட் அளவில்தான் படித்தாக வேண்டும், மாஸ்டர்ஸ் செல்லாது. இந்த விதியை அரசு கொண்டுவரவில்லை, அந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு கொண்டுவந்தது. ஒரு பக்கம் தொழில் தானே படிப்பை நீட்டியது, இன்னொரு பக்கம் அரசு கடனைச் சுருக்கியது, நடுவில் மாணவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து வருடம் 60,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது உதாரணத்துக்குத்தான். மூன்று வருடத்துக்கு 1,80,000. பழைய முறையில் இது மொத்தத்தையும் அரசுக் கடனாகவே வாங்கியிருக்கலாம். புதிய முறையில் மூன்று இருபதாயிரத்து ஐந்நூறு, அதாவது 61,500. துண்டு விழுவது 1,18,500 டாலர். புரொஃபஷனல் பட்டியலில் இருந்திருந்தால் 1,50,000 கிடைத்திருக்கும், துண்டு முப்பதாயிரத்தோடு போயிருக்கும். செய்திகளில் எல்லோரும் அந்த ஒரு லட்சம் வரம்பையே பேசுகிறார்கள். மூன்று வருடப் படிப்பில் அந்த ஒரு லட்சத்தை நீங்கள் தொடவே முடியாது, வருட வரம்பு அதற்கு முன்பே கையைக் கட்டிவிடும்.

இன்னொரு விதி இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. முழுநேரத்துக்குக் குறைவாகப் படித்தால் வருடக் கடன் வரம்பும் அதே விகிதத்தில் குறையும். முழுநேர மாணவர் எடுக்கிற கிரெடிட்டில் பாதி எடுத்தால் 20,500 அல்ல, 10,250தான். முன்பு இப்படி இல்லை. பாதிநேரம் படித்தாலே போதும், தேவைக்கேற்ப முழு வரம்பு வரை வாங்கலாம். வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்துக்கொண்டு இரண்டு பாடம் எடுத்துப் படிக்கிற நர்ஸுக்கு இது நேராக வந்து இடிக்கும். அப்புறம் கிளினிக்கல் கட்டம். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கு நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி குறைந்தது 750 மணி நேரம் என்று 2022-ல் தேசிய அளவுகோலை உயர்த்தினார்கள். அந்தக் கட்டத்தில் டியூட்டியைக் குறைத்தே ஆக வேண்டியிருக்கும், சம்பளம் குறையும், அதே நேரத்தில் கடன் வரம்பும் சுருங்கியே இருக்கும். ஆகவே எந்த செமஸ்டரில் எத்தனை கிரெடிட் எடுப்பது என்பதைச் சேரும் முன்பே எய்ட் ஆபீஸோடு உட்கார்ந்து திட்டமிடுவது நல்லது. கல்லூரி தானாகவே ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு இதைவிடக் குறைந்த வரம்பு வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது, அதையும் கேட்டுவிடுங்கள்.

ஏற்கனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. 2026 ஜூன் 30 அன்று அந்தப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், ஜூலை 1-க்கு முன்பே அதே படிப்புக்கு மத்தியக் கடன் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பழைய வரம்புகள் தொடரும், மூன்று கல்வியாண்டு அல்லது படிப்பில் மிச்சமுள்ள காலம், இதில் எது குறைவோ அதுவரை. சேர்ந்தேன், ஆனால் சேமிப்பிலிருந்து கட்டினேன், கடனே வாங்கவில்லை என்றால் விலக்கு இல்லை. எம்.எஸ்.என். முடித்துவிட்டு டி.என்.பி.க்குத் தனியாகச் சேர்ந்தால் அது புதிய படிப்பு, புதிய விதிதான். நடுவில் படிப்பிலிருந்து விலகிவிட்டால் சலுகையும் போய்விடும்.

நம்மவர்களில் யாருக்கு இந்தக் கடன் உண்டு என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மத்திய மாணவர் கடன், அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதி அந்தஸ்து போன்ற சில பிரிவினருக்கும்தான். எஃப்-1 மாணவர் விசாவில் வந்து எம்.எஸ்.என். படிப்பவருக்கு முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கும் இல்லை. ஆனால் ஈ.பி.-3 என்ற வேலைவழி கிரீன் கார்டுப் பிரிவில் ஆஸ்பத்திரி ஸ்பான்சர் செய்து நர்ஸாக வருகிறவர்கள் கிரீன் கார்டோடுதான் இறங்குகிறார்கள், ஆகவே வந்த முதல் வருடமே ஃபாஃப்சா எனப்படும் மத்திய மாணவர் உதவி விண்ணப்பப் படிவம் போடத் தகுதி உண்டு. இது தெரியாமல் நேராகத் தனியார் கடனுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படிவம் இலவசம். அட்மிஷனுக்கு இந்திய டிகிரியை மதிப்பீடு செய்து காட்ட வேண்டியிருக்கும். ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் முடித்தவர்கள் பெரும்பாலும் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். அல்லது ஆர்.என்.-டு-எம்.எஸ்.என். என்ற இணைப்புப் படிப்பைத் தாண்டித்தான் போக முடியும், அந்த இளங்கலைக் கடனும் 2,57,500 வரம்பில் சேரும்.

திருப்பிக் கட்டுவதிலும் மாற்றம் உண்டு. 2026 ஜூலை 1-க்குப் பிறகு வாங்கும் கடனுக்கு இரண்டே வழிகள். ஒன்று நிலையான தவணை: கடன் அளவைப் பொறுத்து 10 முதல் 25 வருடம், மேலே சொன்ன 61,500 என்றால் 20 வருடம். மற்றொன்று 'ராப்' எனப்படும் வருமானத்தைப் பொறுத்த திட்டம். வருட வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம் வரை கட்ட வேண்டும், ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனால் 10 சதவீதம். வரிக் கணக்கில் வருமானம் 1,20,000 என்றால் மாதம் 1,000 டாலர், நம்பியிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 கழியும், இரண்டு பிள்ளைகள் என்றால் 900. கணவன் மனைவி வரிக் கணக்கைச் சேர்த்துத் தாக்கல் செய்தால் இருவர் வருமானமும் கணக்கில் வரும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் கட்டினால் மீதி தள்ளுபடி. லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ முழுநேரம் வேலை செய்தால் 120 மாதத் தவணைக்குப் பிறகு மீதியைத் தள்ளுபடி செய்யும் பி.எஸ்.எல்.எஃப். திட்டம் தொடர்கிறது, ராப் தவணைகளும் அதில் கணக்காகும். தனியார் வங்கிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்கள், புதிதாக வந்தவர்களிடம் கடனுக்குப் பொறுப்பேற்கும் கோ-சைனர் கேட்பார்கள்.

அதனால் தனியார் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் மூன்று இடங்களைத் தட்டிப் பாருங்கள். முதலில் வேலை செய்யும் ஆஸ்பத்திரி: வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் படிப்புதவி தர முதலாளிக்கு அனுமதி உண்டு, நிறைய ஆஸ்பத்திரிகள் தருகின்றன. ஆனால் முடித்தபின் இத்தனை வருடம் இங்கேயே இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகளையும் படியுங்கள். இரண்டாவது நர்ஸ் கோர் என்ற மத்திய அரசுத் திட்டம். ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனை அல்லது கிளினிக்கில் இரண்டு வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் நர்சிங் படிப்புக் கடனில் 60 சதவீதத்தை அரசே கட்டுகிறது, மூன்றாம் வருடமும் தொடர்ந்தால் இன்னும் 25 சதவீதம் கிடைக்கலாம். கிரீன் கார்டுக்காரர்களும் விண்ணப்பிக்கலாம். போட்டி அதிகம், விண்ணப்ப ஜன்னல் வருடத்துக்குச் சில வாரங்கள்தான் திறந்திருக்கும், தொகைக்கு வரியும் உண்டு.

மூன்றாவது, கற்பிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு. நர்ஸ் ஃபேகல்டி லோன் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கல்லூரியில் எம்.எஸ்.என். அல்லது டாக்டரேட் படித்து, பிறகு நான்கு வருடம் முழுநேர ஆசிரியராக இருந்தால் அந்தக் கடனில் 85 சதவீதம் வரை ரத்தாகும். இது எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. கல்லூரி வழியாக மட்டுமே வாங்க முடியும், அரசிடம் நேரடியாக விண்ணப்பிக்க வழி கிடையாது, ஆகவே அட்மிஷனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.