சாயப்பட்டறையில் குறையும் 67 கிலோ: டிஜிட்டல் மாற்றத்தில் லாபம் எங்கிருந்து வருகிறது?

மென்பொருள் வாங்கியதாலேயே ஒரு கம்பெனியின் லாபம் கூடிவிடாது. சரக்கு நகர்ந்த நேரத்துக்கும், அந்தத் தகவல் முடிவெடுப்பவர் கைக்கு வரும் நேரத்துக்கும் இடையே உள்ள நாட்கள் குறைய வேண்டும். திருப்பூர் பனியன் தொழிலில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். அங்கே ஒரு ஆர்டருக்கான நூல் நிட்டிங் (துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), கட்டிங், தையல் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். பாதி வேலை ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, வெளிப் பட்டறைகளில் நடக்கும்.

10,000 டி-ஷர்ட்டுக்கு ஒரு ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். சேதாரத்துக்கு 3% சேர்த்து 10,300 பீஸ் வெட்ட வேண்டும். பீஸுக்கு 200 கிராம் வீதம் 2,060 கிலோ சாயத் துணி தேவை. சாயத்தில் 8% எடை போகும் என்று எண்ணி 2,239 கிலோ கிரே துணி (சாயம் ஏற்றாத துணி) அனுப்புகிறார்கள். உண்மையில் 11% போனால் திரும்பி வருவது 1,993 கிலோதான். 67 கிலோ குறைவு. அதில் 9,965 பீஸுக்கு மேல் வராது. தையலில் கழிவது தனி.

டிசி (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) நோட்டுகளைச் சேர்த்துவைத்து வாரக் கடைசியில் எக்ஸெலில் ஏற்றும் கம்பெனிக்கு இந்தக் குறை கட்டிங் டேபிளில்தான் தெரியும். அதற்குப் பிறகு நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சின்ன லாட்டாகச் சாயம் ஏற்றினால் ஷேடு ஒத்துவருவது கடினம். கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் அதிலேயே கரையலாம். துணி கேட்டுக்குள் வந்ததும் எடை போட்டுப் பதிந்தால் அன்று மாலையே குறை தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய ஆதாயம் சில மாதங்கள் கழித்து வரும். எந்தப் பட்டறையில், எந்த நிறத்துக்கு எத்தனை சதவீதம் போகிறது என்ற கணக்கு சேர்ந்துவிடும். அடுத்த ஆர்டருக்கு நூல் போடும்போதே அதை வைத்துக் கணக்கிடலாம்.

இருப்பு சரியாகத் தெரிந்தால் பயத்துக்காக வாங்கி அடுக்கும் நூலும் குறையும். நாளொன்றுக்கு 10 லட்ச ரூபாய்ச் சரக்கு ஓடும் கம்பெனி, 50 நாள் இருப்பை 40 நாளாகக் குறைத்தால் 1 கோடி ரூபாய் கைக்கு வரும். 10% வட்டியில் வருடத்துக்கு 10 லட்சம் மிச்சம். ஒரு பீஸ்கூட அதிகம் விற்காமல் கிடைக்கும் பணம் இது.

ஆனால் முதல் சில மாதங்களில் செயல்திறன் இறங்கவே செய்யும். பயிற்சிச் செலவு உடனே வரும், பலன் பிறகுதான். பழைய நோட்டும் புதிய திரையும் சேர்ந்து ஓடுவதால் வேலை இரட்டிப்பாகும். பலர் கவனிக்காமல் விடுவது பொருள் பட்டியலை. 30-ஆம் நம்பர் கோம்டு நூலை (சீவிச் சுத்தம் செய்த பருத்தி நூல்) மூன்று பேர் மூன்று பெயரில் பதிந்தால், கிடங்கில் நூல் இருக்கும்போதே திரை இல்லை என்று காட்டும், மறுபடி வாங்குவார்கள்.

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-இல் பட்ட பாடு இதே வகைதான். சுமார் 11 கோடி டாலர் கணினித் திட்டம். ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் ஜூலையில் புதிய அமைப்பை இயக்கினார்கள். சீசனில் சரக்கு வைக்கும் தற்காலிக இடங்கள் சில கணினியில் பதிவாகவே இல்லை. மிட்டாய் கையிருப்பில் இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டு லாபம் 19% சரிந்தது. சீசன் உச்சத்தில் எந்தக் கம்பெனியும் அமைப்பை மாற்றக் கூடாது.

பலனை அளக்கக் காலாண்டு லாபத்தை மட்டும் பார்க்க வேண்டாம். நூல் விலையும் டாலர் மதிப்பும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை கிடங்கில் ஏதாவது 20 ரோல்களை எடுத்து எடை போட்டு, திரையில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். கூடவே, டிசி தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். இந்த இரண்டு எண்ணும் இறங்கவில்லை என்றால், மாறியது கணினி மட்டும்தான்.