பார்லிப் பயிர் வரைந்து காட்டும் பதுங்குகுழிகள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வறண்ட கோடையில் இங்கிலாந்து வயல் ஒன்றை மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தேன். காய்ந்து மஞ்சளான பார்லிக்கு நடுவே, கோட்டை மதிலின் பற்களைப் போல ஒரு பச்சைக் கோடு மடங்கி மடங்கி ஓடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்துப் பதுங்குகுழி என்கிறார்கள். அங்கே தரைப்போரே நடக்கவில்லையே?"

போர் நடக்கவில்லைதான். பயிற்சி நடந்தது. 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் விடுத்த அழைப்பை ஏற்று லட்சக்கணக்கானோர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார்கள். பிரான்சுக்குப் போவதற்கு முன் அவர்கள் குழி வெட்டவும், அதற்குள் இருந்து சண்டையிடவும் பழக வேண்டியிருந்தது. சாலிஸ்பரி சமவெளி, கேனக் சேஸ், ஷெஃபீல்டை அடுத்த ரெட்மையர்ஸ், வடக்கே ஆட்டர்பர்ன் என்று பல இடங்களில் நிஜக் குழிகளையே வெட்டினார்கள். குழி நேராக இருந்தால், உள்ளே நுழைந்துவிட்ட எதிரி ஒருவன் அதன் முழு நீளத்துக்கும் சுடலாம். குண்டு விழுந்தால் சிதறலும் அப்படியே பாயும். அதனால்தான் சில மீட்டருக்கு ஒரு மடிப்பு. எந்த விவசாயியும் வாய்க்காலை இப்படி வெட்ட மாட்டார் என்பதால், வானத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

யாரும் உழாத மேட்டு நிலங்களில் பள்ளங்கள் இன்றும் பள்ளங்களாகவே கிடக்கின்றன. வயல்களில் குழியை மூடி, சமப்படுத்தி, நூறு ஆண்டுகளாக உழுதுவிட்டார்கள். தரையில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அப்புறம் எப்படி அந்தப் பச்சைக் கோடு?

மண் அடுக்கு அடுக்காக உருவாவது. மேலே மட்கு நிறைந்த கருமண், கீழே இறுகிய அடிமண், அதற்கும் கீழே சரளையோ சுண்ணப்பாறையோ. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி மறுபடி மூடும்போது இந்த வரிசை குலைந்துபோகிறது. மட்கு கலந்த மேல்மண் ஆழத்துக்குப் போய்விடுகிறது; மண் பொலபொலவென்று ஆகிறது. ஏர் கிளறுவதோ மேலே 20, 30 செ.மீ. மட்டும்தான். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நடந்த குளறுபடியை அது தொடுவதே இல்லை. பழைய அடுக்கு தானாகத் திரும்புவதற்கு நூறு ஆண்டு எந்த மூலைக்கும் போதாது.

இந்த வித்தியாசத்தைப் படிப்பது பயிரின் வேர். மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் எல்லாச் செடிக்கும் மேலேயே தண்ணீர் கிடைக்கிறது. வயல் ஒரே நிறம். மழை பொய்த்தால்தான் கதை மாறுகிறது. பார்லியின் வேர் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கக்கூடியது. சாதாரண இடத்தில் அது சரளையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நீருக்குத் தட்டுப்பாடு வந்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகி, இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. துளை மூடினால் நீர் மிச்சம். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, வளர்ச்சி நின்றுவிடும். வறட்சி நீடித்தால் இலையின் பச்சையம் சிதைந்து, செடி அவசரமாகக் கதிர் முற்றி மஞ்சளாகிறது. பக்கத்திலேயே, மூடிய குழியின் மேல் முளைத்த செடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதன் வேர் பொலபொல மண்ணில் ஆழமாக இறங்கி, அங்கே தேங்கியிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது. இலைத்துளைகள் திறந்தே இருக்கின்றன. உயரமாகவும் பச்சையாகவும் நிற்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. திறந்த துளை வழியே ஆவியாகும் நீர் இலையைக் குளிர்விக்கிறது. ஆக, குழியின் மேலுள்ள செடிகள் பக்கத்துச் செடிகளைவிடக் குளிர்ச்சியானவை. கண்ணுக்கு நிற வேறுபாடு தெளிவாகாத வேளையிலும் வெப்பப் படக்கருவி இதைப் பிடித்துவிடக்கூடும்.

தலைகீழாகவும் நடக்கும். முகாமின் கான்கிரீட் தளமோ இறுகிய பாதையோ அடியில் இருந்தால், மேலே மண் மெலிது; அங்கே பயிர் எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ந்து வெளிறிய கோடாகிவிடும்.

சாலிஸ்பரி சமவெளி இருக்கும் வில்ட்ஷைர் மாவட்டம்தான், வயலில் பயிரைச் சாய்த்து உருவாக்கும் கோலங்களான 'பயிர் வட்டங்களுக்கும்' பேர்போனது. பலகையையும் கயிற்றையும் வைத்து அவற்றை உருவாக்கியதாக டக் பவர், டேவ் சோர்லி என்ற இருவர் 1991-லேயே சொல்லிவிட்டார்கள். இன்னும் அது வேற்றுக்கிரகவாசிகளின் வேலை என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பயிர் உண்மையாகவே ஒரு வரலாற்றை வரைந்து காட்டுகிற அதே மாவட்டத்தில் இப்படி நடப்பது எனக்கு வருத்தம்தான்.

எல்லா வயலும் இப்படிப் பேசிவிடாது. களிமண் எங்கும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் வித்தியாசம் மங்கிவிடும். பச்சைக் கோடும் சில வாரங்கள்தான். பிறகு அதுவும் முற்றி மறைந்துவிடும். 2018-இன் கடும் கோடையில் பிரிட்டன் காய்ந்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விமானத்தில் பறந்த தொல்லியலாளர்கள் ஏராளமான புதிய தடங்களைப் படமெடுத்தார்கள். இந்தக் கலையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவரான ஓ.ஜி.எஸ். கிராஃபர்ட், முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்தவர்.

காட்டிலும் புதர் மூடிய மேட்டிலும் பயிர் உதவாது. அங்கே லேசர் துடிப்புகளால் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார்தான் கைகொடுக்கும். வெள்ள அபாயத்தை அறிய இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை எடுத்த லைடார் தரவுகளை 2015-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பொதுப் பணத்தில் எடுத்த தரவு அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வான்வழி ஆய்வுக்கான நிதியும் அப்படியே, ஆண்டுதோறும் தடையில்லாமல் ஒதுக்கப்பட வேண்டும். எந்தக் கோடை வறளும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. வறண்ட பிறகு கோப்பு நகர்ந்து பணம் வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும்.