பூனை கவ்விய அணிலும் தயிர்ச்சோற்றுக் கிண்ணமும்

போன தை மாதம் ஒருநாள், க்ளினிக்கைத் திறக்கப் போனால் படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. உள்ளே தேங்காய் நாருக்குள் சுருண்டு கிடந்தது ஓர் அணில் குட்டி.

"பூனை சும்மா வாயில கவ்விக்கிட்டு வந்துச்சு டாக்டர். நேத்து சாயங்காலம். உடனே பிடுங்கிட்டேன், காயம் ஒண்ணும் இல்ல. பயந்துதான் போயிருக்கு. ஒரு ஊசி போட்டீங்கன்னா கொல்லையில மரத்துல விட்டுருவேன்."

காயம் இல்லை என்று அவர் சொன்னது பொய் இல்லை. பஞ்சை நனைத்து முடியை ஒதுக்கினேன். முன்னங்காலுக்குப் பின்னால் குண்டூசி குத்தியதுபோல ஒரு புள்ளி. ரத்தக்கசிவுகூட இல்லை. நேர் மறுபக்கத்தில் இன்னொரு புள்ளி. மேலே ஒரு கோரைப்பல், கீழே ஒன்று. ஊசி போட்டேன், சூடு கொடுத்தேன். மத்தியானத்துக்குள் போய்விட்டது.

பூனையின் வாயில் 'பாஸ்டுரெல்லா' என்ற பாக்டீரியா சர்வசாதாரணமாக இருக்கும். பூனையை அது ஒன்றும் செய்யாது. ஊசிபோன்ற அந்தப் பல்வழியே சின்ன உடம்புக்குள் இறங்கினால், ஓரிரு நாளில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். குருவிக்கும் அணிலுக்கும் கடியைவிட இதுதான் எமன். அதனால் பூனை வாயிலிருந்து மீட்ட எதையும், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டாக, கதகதப்பாக வையுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிழைத்தால் கூண்டு வாங்கி வளர்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். மைனாவோ கிளியோ, காட்டுப் பறவையை வீட்டில் அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் பூனைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டேன். "வேளாவேளைக்குத் தயிர்சாதம் டாக்டர். எங்க வீட்ல மீன் புழங்காது. வயிறு நிறையப் போடுறேன், அப்புறமும் எதுக்குத்தான் இப்படி அலையுதோ!"

இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரம் இல்லை. இதில் இரண்டு சங்கதி இருக்கிறது.

முதலாவது, பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. கிண்ணத்தில் வாய் வைத்திருக்கும்போதே எதிரில் ஓர் அரணை ஓடினால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாயும். பட்டினி போட்டால் எலி பிடிக்கும் என்பவர்களும் தவறு, வயிறு நிறைந்தால் அடங்கும் என்பவர்களும் பாதி தவறு.

அந்த மீதிப் பாதிதான் இரண்டாவது சங்கதி. பூனை அசல் மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் வீங்கித் தளரும். இதயக் கோளாறுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் உறுதியானது. தயிர்சாதத்தில் அந்தச் சத்து இல்லாதது போலத்தான். வீட்டில் சைவம், கொல்லையில் அசைவம் என்று பூனையே ஏற்பாடு செய்துகொள்கிறது!

இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. இறைச்சிப் புரதம் மிகுந்த, தானியம் இல்லாத உணவுக்கு மாற்றிய பூனைகள் வீட்டுக்குக் கவ்விவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் குச்சியில் இறகு கட்டி விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. நம் ஊருக்கு இதைப் பெயர்த்துச் சொன்னால், மலிவாகக் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையையோ மத்தியையோ உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, அவித்த தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து போடுங்கள். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அதைக் கொட்டிவிடக் கூடாது. கருவாடு உப்பு, வேண்டாம். மீன் புழங்காத வீடுகளில் கடையில் விற்கும் பூனைத்தீனி போதும். ஆசாரத்துக்கும் பங்கம் இல்லை.

மணி கட்டுவது பற்றியும் கேட்பார்கள். அந்த ஆய்வில் மணியால் பெரிதாக எந்த மாற்றமும் தெரியவில்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்டோமே ஒழிய, கட்டினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கவில்லை. கட்டிய கயிற்றால் வந்த வினையைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பூனைக்குத் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறும் கொலுசிலிருந்து எடுத்த சலங்கையும் கட்டியிருந்தார்கள். காலை உயர்த்திச் சொறியும்போது முன்னங்கால் கயிற்றுக்குள் நுழைந்துவிட்டது. நான்கு நாள் கழித்து வந்தபோது கக்கத்துச் சதையை அறுத்துக்கொண்டு கயிறு உள்ளே போயிருந்தது. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டையாக வாங்குங்கள்.

அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அந்தக் கணக்கை அப்படியே நம் தஞ்சைப் பக்கத்து வெண்ணாற்றங்கரைக்குக் கொண்டுவரக் கூடாது. இங்கே பூனையைத் தெருநாயே பாதி அடக்கிவைக்கிறது. ஆனால் அந்த அமெரிக்கக் கணக்கில் பெரும்பங்கு வீட்டுப்பூனையுடையது அல்ல, சொந்தக்காரர் இல்லாத பூனைகளுடையது என்பதைக் கவனிக்கவேண்டும். அந்தப் பூனைகள் எங்கிருந்து வந்தன? பெட்டைக்கு ஐந்தாறு மாதத்திலேயே பருவம் வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கமோ வாய்க்கால் மதகிலோ விட்டுவிட்டு வருகிறோம். பறவைகள் சரணாலயங்களான வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் 'ராம்சர்' பட்டியலில் 2022-இல் சேர்ந்தன. அந்தக் கரையோரத்து ஊர்க்காரர்கள் குட்டிகளைக் கரையில் விடுவது பறவைக்கும் நல்லதில்லை, குட்டிக்கும் நல்லதில்லை. கருத்தடை அறுவைசிகிச்சை ஒருநாள் வேலை.

வேட்டையில் பூனைக்கும் ஆபத்து உண்டு. சம்பா கதிர் பிடிக்கும் நாட்களில் வயலில் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் பொறி வைத்து எலி பிடிக்கிறவரை கவலையில்லை. விஷம் வைத்தால்தான் எனக்கு வேலை வருகிறது. ரத்தத்தை உறையவிடாத 'புரோமடியோலோன்' என்ற எலிவிஷத்தைத் தின்ற எலியைத் தின்ற பூனை இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். பிறகு ஈறு வெளுக்கும், உள்ளே ரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே1 உண்டு, காலத்தில் வந்தால் காப்பாற்றலாம். இன்னொரு எலிவிஷமான துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்றுமருந்து கிடையாது. நல்லபாம்போடு மல்லுக்கட்டிவிட்டு வருவதும் இந்தப் பருவத்தில்தான்.

இதற்கெல்லாம் நான் சொல்லும் ஒரே வைத்தியம் பொழுதுசாய்ந்தபின் கதவைச் சாத்துவது. இருட்டுக்கு முன்னும் விடியலிலும்தான் பூனைக்கு வேட்டைவெறி அதிகம். குருவிகள் இறங்கி இரைதேடும் நேரமும் அதுவே. கொல்லையில் கூடு விட்டிறங்கிய குஞ்சு தத்தித் திரிந்தால், பூனையை இரண்டு மூன்று நாள் உள்ளேயே வைத்துவிட்டு, குஞ்சை எடுத்துச் செம்பருத்திச் செடிமேல் உட்கார்த்துங்கள். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. அருகில்தான் இருக்கும், வந்து ஊட்டும். அதை என்னிடம் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.

அணில்காரம்மா பங்குனியில் பூனைக்குக் கருத்தடை செய்துகொண்டு போனார். போன வாரம் போன் செய்தார். ராத்திரி உள்ளே வைத்தால் நாலரை மணிக்கே கதவைப் பிராண்டுகிறதாம், வீட்டுக்காரர் திட்டுகிறாராம். படுக்கப்போகுமுன் பத்து நிமிடம் இறகைக் காட்டி ஓடவிட்டு, களைத்தபின் சாப்பாட்டைப் போடச் சொன்னேன். பிராண்டினால் எழுந்து திறக்காதீர்கள், ஒருநாள் திறந்தால் தினமும் பிராண்டும். பத்து நாள் பொறுத்துப் பாருங்கள் என்றேன். "நான் பொறுப்பேன் டாக்டர், அவர்தான்..." என்று இழுத்தார்.